கர்ப்பப்பை குளிர்ச்சியா, உடம்புச் சூடா? மோக்சா பற்றிக் கேட்ட ஒரு வாசகிக்கு

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 32 வயது. திருமணமாகி மூன்று வருடம் ஆகிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். 14 மாதங்களாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். மாதவிலக்கு வந்தால் முதல் இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியாத வலி. இரண்டு வருடமாக அது கூடிக்கொண்டே வருகிறது. கூட வேலை செய்யும் சீனத் தோழி, தான் வழக்கமாகப் போகும் சீன மருத்துவரிடம் என்னை அழைத்துப் போனாள். அவர் நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து, “உங்கள் கர்ப்பப்பை குளிர்ந்து போயிருக்கிறது. வலிக்கும் அதுதான் காரணம், கரு நிற்காததற்கும் அதுதான் காரணம்” என்றார். மூலிகைச் சுருட்டைப் பற்ற வைத்து அடிவயிற்றில் சூடு காட்டும் மோக்சா சிகிச்சையைப் பத்து முறை செய்யச் சொல்கிறார். அந்த மூலிகைக்கு நோபல் பரிசே கிடைத்திருக்கிறதாம். ஊரில் இருக்கும் மாமியாரிடம் சொன்னால், “உனக்கு ஏற்கெனவே உடம்பு சூடு, அதனால்தான் நிற்கவில்லை, இதில் நெருப்பு வேறா?” என்று கோபப்படுகிறார். யார் சொல்வது சரி? இன்னொன்று: ஜொகூரில் இருக்கும் என் அக்காவுக்கு இது முதல் பிரசவம், 32 வாரம். குழந்தையின் தலை மேலே இருக்கிறதாம். கால் சுண்டுவிரலில் மோக்சா காட்டினால் திரும்பிவிடும் என்கிறாள் தோழி. நம்பலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சிங்கப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அக்கா விஷயத்தில் ஒவ்வொரு வாரமும் கணக்கு. அதனால் உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் அதையே முதலில் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

32 வாரத்தில் தலை மேலே இருப்பதைக் கேட்டு அக்கா பயப்பட வேண்டாம். 28 வாரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தை அப்படித்தான் உட்கார்ந்திருக்கும். நாள் நெருங்கும்போது 100க்கு மூன்று நான்கு குழந்தைகள்தான் அப்படியே இருக்கும், மற்றவை தானாகவே குட்டிக்கரணம் அடித்துத் தலையைக் கீழே கொண்டுவந்துவிடும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், யார் எந்த வைத்தியம் செய்தாலும் பெரும்பாலான குழந்தைகள் திரும்பத்தான் போகின்றன. அந்த நேரத்தில் எதைச் செய்தோமோ அதற்குப் பெயர் போய்ச் சேரும். ஒரு வைத்தியம் வேலை செய்கிறதா என்று அறிய வேண்டுமானால், செய்தவர்களையும் செய்யாதவர்களையும் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

மோக்சா விஷயத்தில் அப்படி எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பிரான்செஸ்கோ கார்தினி என்ற இத்தாலிய மருத்துவரும் ஹுவாங் வெய்சின் என்ற சீன மருத்துவரும் சீனாவின் ஜியாங்சி மாநிலத்தில் செய்த ஆய்வு 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த, 33 வாரத்தில் குழந்தை தலை மேலே இருக்கும் ‘பிரீச்’ நிலையில் இருந்த 260 பெண்களை 130, 130 ஆகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பேருக்குக் கால் சுண்டுவிரல் நகத்தின் வெளி ஓரத்தில் மோக்சா காட்டினார்கள். சீனர்கள் ஜிர்யின் என்று சொல்லும் புள்ளி அது. ஒரு காலுக்குக் கால் மணி நேரம், மறு காலுக்குக் கால் மணி நேரம், ஒரு வாரம். திரும்பாவிட்டால் இன்னொரு வாரம். 35 வாரத்தில் பார்த்தபோது மோக்சா காட்டியவர்களில் 98 பேருக்குக் குழந்தை தலைகீழாகத் திரும்பியிருந்தது. காட்டாதவர்களில் 62 பேருக்கு. வித்தியாசம் பெரியதுதான். சூடு காட்டிய நாட்களில் குழந்தையின் அசைவும் கூடுதலாக இருந்ததாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

கார்தினி அதோடு நிற்கவில்லை. அதையே இத்தாலியில், இத்தாலியப் பெண்களிடம் செய்து பார்த்தார். 2005இல் வந்த அந்த ஆய்வை 123 பெண்களோடு பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. புகை நாற்றம், தொண்டை எரிச்சல், குமட்டல் என்று பலர் நடுவிலேயே விட்டுவிட்டார்கள். தனக்குச் சாதகமாக வந்த முடிவைத் தானே மறுபடி சோதித்து, வராததையும் வெளியிட்ட அந்த மனிதர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

மருத்துவ ஆய்வுகளை அலசித் தொகுக்கும் காக்ரேன் என்ற அமைப்பு, இப்படி நடந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த தொகுப்பு 2023இல் வந்தது. வழக்கமான கவனிப்போடு மோக்சாவும் சேர்ந்தால், பிரசவ நேரத்தில் குழந்தை பிரீச்சாக இருக்கும் வாய்ப்பு ஓரளவு குறைகிறது என்கிறது அது. சிசேரியன் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் தெரியவில்லை.

எனவே அக்காவுக்கு என் யோசனை இது. 33 வாரம் முடியும் முன் ஒரு ஸ்கேன். ஒற்றைக் குழந்தை, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கவில்லை, ரத்தக்கசிவு இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, முன்பு கர்ப்பப்பையில் அறுவை எதுவும் நடந்ததில்லை என்றால், அவருடைய டாக்டரிடம் சொல்லிவிட்டு 33, 34 வாரங்களில் மோக்சா செய்து பார்க்கலாம். காலில் மட்டும், வயிற்றில் கூடவே கூடாது. வயிறு இறுகி இறுகி வலித்தாலோ, நீர் கசிந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 36, 37 வாரத்திலும் திரும்பவில்லை என்றால், மருத்துவமனையில் டாக்டர் வயிற்றின் மேல் கை வைத்துக் குழந்தையைத் திருப்பும் முறை இருக்கிறது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது பலிக்கும். ‘மோக்சா செய்தாகிவிட்டதே’ என்று அந்த வாய்ப்பை அக்கா விட்டுவிடக் கூடாது.

சரி, இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

மோக்சா என்பது ஒரு செடியின் இலை. சீனர்கள் அதை ‘ஆய்’ என்கிறார்கள். நாம் மாலையில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்தும் அதே இனம்தான். ஹூபெய் மாநிலத்தின் சிச்சுன் என்ற ஊர் இதற்குப் பேர் போனது. மூலிகைகளைத் தொகுத்த லி ஷிஜென் 16ஆம் நூற்றாண்டில் அந்த ஊரில்தான் இருந்தார். சீன நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள், டிராகன் படகுத் திருவிழா அன்று, இந்த இலைக்கொத்தை வாசலில் கட்டுவார்கள். மாவிலையும் வேப்பிலையும் கட்டும் நமக்கு அது அந்நியமாகத் தெரியாது. இலையின் அடிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பூனைமுடி போல இருக்கும். இலையைக் காய வைத்து, இடித்து, தூளைச் சலித்து எடுத்துவிட்டால் அந்த முடி மட்டும் பஞ்சு போலச் சேரும். அதை ஜப்பானியர் ‘மோகுசா’ என்பார்கள். ஐரோப்பியர் வாயில் அது மோக்சா ஆயிற்று.

பல வருடங்களுக்கு முன் ஒரு சீன மருத்துவரின் அறையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கட்டைவிரல் பருமனில், ஒரு சாண் நீளத்தில், வெள்ளைத் தாளில் சுற்றிய சுருட்டு. அதன் நுனியைப் பற்ற வைத்து, சுடர் அணைந்து கங்காகக் கனலும்போது, தோலிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்தார். தொப்புளுக்குக் கீழே நான்கு விரற்கடையில் ஒரு புள்ளி, உள் கணுக்காலுக்கு மேலே நான்கு விரற்கடையில் இன்னொன்று. நோயாளியின் விரல்தான் அளவுகோல். நம் வர்மத்திலும் அப்படித்தானே. என் கண் அவருடைய இடது கையில்தான் இருந்தது. சுட்டுவிரலையும் நடுவிரலையும் புள்ளிக்கு இரு பக்கமும் நோயாளியின் தோல் மேல் வைத்தபடியே இருந்தார். “அவர்களுக்குச் சுடுவதற்கு முன் எனக்குச் சுடும்” என்றார். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை சாம்பலைத் தட்டினார். கால் மணி நேரத்தில் அந்த இடம் இளஞ்சிவப்பாக ஆனது. படுத்திருந்த பெண் அதற்குள் தூங்கிவிட்டார். முடிந்ததும் சுருட்டை மணல் நிரம்பிய ஒரு ஜாடியில் குத்தி அணைத்தார்.

இதைத் தவிர இஞ்சித் துண்டின் மேல் பஞ்சைக் கூம்பாக வைத்துக் கொளுத்துவதும், தொப்புளில் உப்பு நிரப்பி அதன் மேல் வைப்பதும், பெட்டிக்குள் வைத்து வயிற்றில் கட்டுவதும் உண்டு. தோலிலேயே நேரடியாக வைத்துக் கொப்புளம் வர விடும் பழைய முறை ஒன்றும் இருக்கிறது. அதை யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இது இன்று நேற்று வந்ததல்ல. சாங்ஷா நகருக்குப் பக்கத்தில் மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையை 1973இல் திறந்தபோது கிடைத்த பட்டுச் சுவடிகளிலேயே சூடு காட்டும் வைத்தியம் பற்றி எழுதியிருக்கிறது. அக்குபங்க்சர் என்னும் குத்தூசி வைத்தியத்தையும் மோக்சாவையும் சேர்த்து 2010இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றியது. அது மரபுக்குக் கிடைத்த மரியாதை. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு யுனெஸ்கோ சான்றிதழ் கொடுப்பதில்லை.

நோபல் பரிசு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2015இல் தூ யோயோ என்ற சீன விஞ்ஞானி மருத்துவ நோபல் வாங்கியது மலேரியா மருந்துக்காக. அந்த மருந்து வந்த செடி மோக்சா செடியின் உறவு. அதே செடி அல்ல. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கெ ஹோங் என்பவரின் குறிப்பில், இலையைத் தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. கொதிக்க வைத்தால் மருந்தின் வீரியம் போய்விடுமோ என்று தூ யோயோவுக்குப் பொறி தட்டியது அங்கேதான். சூட்டில் கெட்டுப்போகும் ஒரு பொருளுக்குக் கிடைத்த பரிசைக் காட்டி, இன்னொரு செடியைக் கொளுத்துவதை நியாயப்படுத்த முடியாது. இன்னொரு சேதியும் சொல்கிறேன், எனக்குப் பிடித்தது. அந்த கெ ஹோங்கின் மனைவி பாவ் கூ என்பவர்தான் சீன மரபில் பேர் சொல்லப்படும் முதல் மோக்சா வைத்தியப் பெண்மணி. குவாங்சோவில் யூயெஷியு குன்றின் அடிவாரத்தில் உள்ள கோயிலில் இன்றும் அவரை வணங்குகிறார்கள்.

இனி, குளிர்ச்சியா சூடா என்ற பஞ்சாயத்து.

உங்கள் தோழி மாதவிலக்கு நாளில் ஐஸ் தண்ணீரைத் தொடமாட்டார். இஞ்சி, பேரீச்சை போலிருக்கும் சிவப்பு இலந்தை, பழுப்புச் சர்க்கரை போட்டுக் கொதிக்க வைத்ததைக் குடிப்பார். நம் வீட்டிலோ அதே வயிற்றுவலிக்கு வெந்தயத்தை வாயில் போட்டு மோரைக் குடிக்கச் சொல்வார்கள். தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவுவார்கள். சூடு தணிய இளநீர். பப்பாளி கூடாது, சூடு. ஒரே வலிக்கு இரண்டு ஊரில் இரண்டு நேரெதிர்க் காரணங்கள். வேடிக்கை என்னவென்றால், குழந்தை பிறந்துவிட்டால் இரண்டு ஊரும் ஒன்று சேர்ந்துவிடும். அவர்கள் இஞ்சியும் எள்ளெண்ணெயும் போட்டுக் கோழி சமைப்பார்கள். நாம் பூண்டும் மிளகும் போட்டுப் பத்தியக் குழம்பு வைப்போம். பிள்ளை பெற்றவள் மேல் காற்றுப் படக் கூடாது என்று இருவருமே ஜன்னலைச் சாத்துவோம்.

‘கோங் ஹான்’, அதாவது குளிர்ந்த கர்ப்பப்பை என்று அந்த மருத்துவர் சொன்னது, அவர் படித்த முறையில் ஒரு அடையாளத் தொகுப்பு. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் இதமாக இருக்கும் வலி, கறுத்த கட்டி கட்டியான உதிரம், சில்லிட்ட கை கால் – இவை சேர்ந்திருந்தால் அந்தப் பெயர். ஓட்டம் தடைபட்ட இடத்தில் வலி என்பது அவர்கள் கோட்பாடு. குளிர் ஓட்டத்தை இறுக்குகிறது, சூடு இளக்குகிறது. உங்களுக்கு வலி எப்படி இருக்கிறது என்பதைச் சொல்ல அது நல்ல விவரணைதான். ஆனால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் எந்தப் பெண்ணின் கர்ப்பப்பையும் 37 டிகிரி பக்கத்தில்தான் இருக்கும். உங்களுக்கும் உங்கள் தோழிக்கும் எனக்கும் அதே அளவுதான். மாமியார் சொல்லும் சூட்டுக்கும் இதே பதில். கருமுட்டை வெளிவந்த பிறகு உடல் வெப்பம் 0.3 முதல் 0.5 டிகிரி வரை ஏறும். இந்தப் பேச்சில் அளந்து காட்டக்கூடிய சூடு அது ஒன்றுதான்; அது எல்லாப் பெண்களுக்கும் மாதா மாதம் நடப்பது.

வலி ஏன் வருகிறது? உதிரம் வெளியேறும் நாட்களில் கர்ப்பப்பையின் உள்தோல் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. அது தசையை முறுக்குகிறது, ரத்த ஓட்டம் சற்று நேரம் தடைபடுகிறது, வலிக்கிறது. மெஃபனமிக் ஆசிட், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள் அந்தச் சுரப்பையே குறைக்கின்றன. சூடு தசையை இளக்குகிறது. 2001இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது. 38.9 டிகிரி சூட்டில் ஒரு பட்டையை நாளுக்கு 12 மணி நேரம் அடிவயிற்றில் கட்டிய பெண்களையும், 400 மில்லிகிராம் ஐபுபுரோஃபென் சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெறும் சூடே மாத்திரைக்கு நிகராக வேலை செய்தது. இரண்டும் சேர்ந்தபோது வலி இன்னும் சீக்கிரம் அடங்கியது. ஒத்தடம் கொடுத்த நம் பாட்டிமார்கள் தவறு செய்யவில்லை.

மோக்சாவால் மாதவிலக்கு வலி குறைகிறது என்று சீனாவிலிருந்து நிறைய ஆய்வுகள் வருகின்றன. பெரும்பாலும் சிறியவை. போலி மாத்திரை கொடுக்கலாம். போலி நெருப்பு காட்டுவது கடினம். அதனால் எது சூட்டின் பலன், எது இலையின் பலன், எது அரை மணி நேரம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அக்கறையோடு கவனித்ததன் பலன் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. என் நோயாளிகளில் சிலருக்கு மோக்சா நல்ல இதம் தருகிறது. செய்துகொள்ளட்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் ‘குளிர்ந்த கர்ப்பப்பையைச் சூடாக்கினால் கரு நிற்கும்’ என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அதற்கு நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை. 14 மாதம் காத்திருந்த ஒரு பெண்ணிடம் அப்படிச் சொல்வது, காரணத்தைத் தேட வேண்டிய மாதங்களை அவளிடமிருந்து பறிப்பது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, ‘இரண்டு வருடமாக அது கூடிக்கொண்டே வருகிறது’ என்பது. வயதுக்கு வந்த காலத்திலிருந்தே வரும் சாதாரண மாதவிலக்கு வலி வருடங்கள் போகப் போகக் குறையத்தான் பார்க்கும். நடுவில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் வலிக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது. மூன்று கேள்விகளுக்கு உங்களுக்குள்ளேயே பதில் சொல்லிப் பாருங்கள். உதிரம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே வலி தொடங்கிவிடுகிறதா? அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது ஆழத்தில் குத்துகிறதா? தாம்பத்திய உறவின்போது உள்ளே வலிக்கிறதா? கடைசிக் கேள்வியை நேரில் கேட்டாலே பெண்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். கூச்சப்பட வேண்டாம், டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டிய விஷயம் அது.

இவற்றில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கர்ப்பப்பையின் உள்தோல் போன்ற திசு வெளியே, சினைப்பையிலோ கருக்குழாயின் மேலோ குடலின் மேலோ வளர்வதுதான் அது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 10 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வலிக்கும் குழந்தை தாமதமாவதற்கும் அது ஒன்றே காரணமாக இருக்கலாம். உங்கள் கடிதத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

ஒரு பெண் என்னிடம் வந்தார், வயது 29. பரிசோதனை மேசையில் படுத்ததும், அவர் வாய் திறப்பதற்கு முன் அவருடைய வயிறு என்னிடம் பேசிவிட்டது. தொப்புளுக்குக் கீழே பழுப்பு நிறத்தில் மீன்வலை விரித்தது போலக் கோடுகள். ஒரே இடத்தில் மாதக் கணக்கில் சூடு பட்டால் தோலில் அப்படி விழும். வெந்நீர்ப் பை, சூட்டுப் பட்டை, அப்புறம் வயிற்றில் கட்டும் மோக்சாப் பெட்டி என்று இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறார். ஒரு முறை பெட்டி சரிந்து கொப்புளம் போட்ட தழும்பும் இருந்தது. சீன மருத்துவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்னைப் போல இங்கிலீஷ் வைத்தியம் படித்த ஒருவரும், ‘எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான், ஒரு குழந்தை பெற்றால் சரியாகிவிடும்’ என்று மாத்திரை எழுதி அனுப்பியிருந்தார். ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும், எண்டோமெட்ரியோசிஸால் பழைய உதிரம் தேங்கி வரும் ‘சாக்லேட் கட்டி’ இருந்தது. அறுவை முடிந்து மூன்று மாதம் கழித்து வந்தவர், “டாக்டர், வலி இல்லாத ஒரு மாதவிலக்கு இப்படித்தான் இருக்குமா?” என்று கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை.

உங்களுக்கும் அதுதான் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு நோய்க்குப் பெயர் வைக்க என்னால் முடியாது. ஆனால் 35 வயதுக்குக் கீழே 12 மாதம் முயன்றும் நிற்கவில்லை என்றால் பரிசோதனைக்குப் போக வேண்டும். நீங்கள் அதைத் தாண்டி இரண்டு மாதம் ஆகிவிட்டது. மகப்பேறு டாக்டரிடம் போனால் பிறப்புறுப்பு வழியாக ஒரு ஸ்கேன், மாதவிலக்கின் இரண்டாம் மூன்றாம் நாளில் சில ரத்தப் பரிசோதனைகள், தைராய்டு, பிறகு குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே என்று படிப்படியாகப் போவார். ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. வலி தொடர்ந்தால் அதைச் சொல்லி மேலே கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாடி உங்களுக்கு, நாக்கு உங்களுக்கு, சூடு உங்களுக்கு, நெருப்பும் உங்களுக்கு. அவருக்கு ஒரு விந்துப் பரிசோதனை. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுத்தால் போதும், வலி கிடையாது, செலவும் குறைவு. பாதிக் கேள்விக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும். அதைச் செய்யாமல் உங்கள் உடம்பில் எதையும் தொடங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

வலிக்கு இப்போது என்ன செய்வது? மாத்திரையை வலி உச்சிக்கு ஏறிய பிறகு போடாதீர்கள். உதிரம் தொடங்கும் அறிகுறி தெரிந்ததுமே, சாப்பிட்ட பிறகு போடுங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, அந்த மாத்திரையால் மூச்சிழுப்பு வந்த அனுபவம் இருந்தால் கூடாது. குழந்தைக்கு முயற்சி செய்வதால், மாதவிலக்கு நாட்களோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள். கருமுட்டை வெளிவரும் நாட்களில் வேண்டாம். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கொடுக்கலாம். தோல் சிவப்பதற்கு மேல் போகக் கூடாது.

இதையெல்லாம் செய்துகொண்டே மோக்சாவும் செய்துகொள்ள ஆசை என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. உதிரம் நின்றதிலிருந்து கருமுட்டை வெளிவரும் வரை உள்ள நாட்களில் செய்யுங்கள். அதற்குப் பிறகு வயிற்றில் ஒரு கரு ஒட்டியிருக்கலாம். அந்த இரண்டு வாரம் அடிவயிற்றிலும் இடுப்பிலும் வேண்டாம். காய்ச்சல், கெட்ட வாடையோடு வெள்ளைப்படுதல், இடையில் ரத்தக்கசிவு இருந்தால் அன்றைக்கு வேண்டாம். உங்களுக்கோ வீட்டில் யாருக்காவதோ ஆஸ்துமா இருந்தால் அந்தப் புகை ஆகாது. புகையில்லாத மோக்சா என்று கரிக்கட்டை போல விற்பதிலும் நெருப்பு நெருப்புதான். சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்துப்போனவர்களும், சிசேரியன் தழும்பைச் சுற்றி இன்னும் மரத்திருப்பவர்களும் அந்த இடத்தில் செய்யவே கூடாது; சுடுவது தெரியாது. முதுகில், அடிவயிற்றில் தனியாக வீட்டில் வைத்துக்கொண்டு தூங்கிப்போவது மிகவும் ஆபத்து.

சிங்கப்பூரில் சீன மருத்துவர்களைப் பதிவு செய்ய 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. நீங்கள் போகும் மருத்துவரின் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஊருக்கு இதில் நல்ல மரபு இருக்கிறது. 1867இல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம் இனம் மதம் பார்க்காமல் இலவசமாக வைத்தியம் செய்து வந்திருக்கிறது. நல்ல சீன மருத்துவர், ‘ஸ்கேன் எடுத்தீர்களா?’ என்று அவரே கேட்பார். கேட்கவில்லை என்றால் நீங்கள் சொல்லுங்கள். கஷாயம், மாத்திரை ஏதாவது கொடுத்தால் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தி மகப்பேறு டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தப்போக்கைக் கூட்டும் மூலிகைகள் சில உண்டு.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். அவரும் உங்கள் நல்லதுக்குத்தான் பேசுகிறார். ‘டாக்டரம்மா முதலில் எங்கள் இரண்டு பேரையும் பரிசோதனை செய்யச் சொன்னார்’ என்று சொல்லுங்கள். ‘இரண்டு பேரையும்’ என்பதைக் கணவர் வாயால் சொல்ல வைத்தால் இன்னும் நல்லது. வெந்தயமும் மோரும் அவர் சொன்னபடி குடியுங்கள், கெடுதல் ஒன்றும் இல்லை.

அடுத்த மாதவிலக்கு எப்போது வரும் என்று கணக்குப் போட்டு, அதற்கு முன்பே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள். இரண்டாம் நாள் ரத்தப் பரிசோதனை தவறாமல் இருக்கும். இன்றிலிருந்து ஒரு சின்ன நோட்டில் வலி வரும் நாள், நேரம், எந்த இடம், எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்று குறித்து வைத்து, போகும்போது எடுத்துப் போங்கள். கணவரையும் கூட்டிப்போங்கள், வெளியே உட்கார வைக்காமல் உள்ளே. அக்காவின் ஸ்கேனில் என்ன வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.